செக் நாட்டில் இடதுசாரிகள் எப்போது, எங்கே சரிந்தார்கள்? தேர்தல் கணக்கைப் பிரித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

2021 அக்டோபரில் நடந்த தேர்தலோடு செக் நாடாளுமன்றத்தின் கீழவையிலிருந்து கம்யூனிஸ்ட்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்தே வெளியேறினார்கள். மொத்தமுள்ள 200 இடங்களில் இரண்டு கட்சிக்கும் ஒன்றுகூட இல்லை. 2025-ல் இரு தரப்பு வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நின்றார்கள். அப்போதும் உள்ளே நுழைய முடியவில்லை.

"நாற்பதாண்டு கம்யூனிச ஆட்சியை அனுபவித்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?" என்று ஒரே வரியில் இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பழைய ஆட்சி விழுந்து 13 ஆண்டுகள் ஆன பிறகு, 2002-ல், இதே இரண்டு கட்சிகளிடம் 200-ல் 111 இடங்கள் இருந்தன. அந்தப் பெரும்பான்மையைத் தந்தவர்கள் பழைய ஆட்சியில் வாழ்ந்த அதே மக்கள்தான். ஆகவே சரிவுக்கான காரணத்தை 1989-ல் தேடினால் கிடைக்காது. அதற்கு வெகு பின்னால் நடந்தவற்றில்தான் தேட வேண்டும்.

உலக அரசியல் பற்றி எழுதுகிறவர்கள், படிப்பு வட்டங்களில் பேசுகிறவர்கள், அரசியல் அறிவியல் மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிமுறையைத் தருகிறோம். எக்செல் போன்ற ஒரு விரிதாளும் பெருக்கல் கணக்கும் போதும். செக் புள்ளியியல் அலுவலகம் 1990-களிலிருந்து எல்லாத் தேர்தல் முடிவுகளையும் தன் தேர்தல் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சமீபத்திய தேர்தல்களுக்கு வாக்குச்சாவடிப் பகுதி வரைக்கும் எண்கள் கிடைக்கும்.

எண்ணைத் திறக்கும் முன்: யார் இடதுசாரி?

இதை முதலில் முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், நாம் சொல்ல விரும்பும் கதைக்கு ஏற்றபடி கட்சிகள் உள்ளே வரும், வெளியே போகும்.

செக்கில் கணக்கில் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று பொஹேமிய-மொராவியக் கம்யூனிஸ்ட் கட்சி (பொஹேமியாவும் மொராவியாவும் செக் நாட்டின் இரு பெரும்பகுதிகள்). போலந்திலும் ஹங்கேரியிலும் பழைய ஆளுங்கட்சிகள் பெயரையும் கொள்கையையும் மாற்றிக்கொண்டு சமூக ஜனநாயகக் கட்சிகளாக மறுபிறவி எடுத்தன. செக் கம்யூனிஸ்ட்டுகள் அப்படிச் செய்யவில்லை. பெயரில் "கம்யூனிஸ்ட்" என்ற சொல்லை விடாமல் வைத்துக்கொண்டார்கள். மற்றொன்று சமூக ஜனநாயகக் கட்சி. 1878-ல் தொடங்கிய பழைய கட்சி அது. 1948-ல் கட்டாயமாகக் கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைக்கப்பட்டு, 1989-க்குப் பிறகு மீண்டும் எழுந்தது. பழைய ஆட்சியின் வாரிசு என்ற பழி அதன் மேல் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. 1995-ல் பொஹுமீன் நகரில் கூடிய சமூக ஜனநாயகக் கட்சி மாநாடு, தேசிய அளவில் கம்யூனிஸ்ட்டுகளோடு ஆட்சியில் சேருவதில்லை என்று தீர்மானம் போட்டது. 2002-ல் 111 இடங்கள் இருந்தும் இடதுசாரிக் கூட்டணி ஆட்சி அமையாமல் போனதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே சறுக்கக்கூடும். இரண்டு கட்சியும் நம் ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சிகளைப் போலத் தொகுதி பிரித்துக்கொண்டு ஒரே மேடையில் நின்றதாக நினைத்துக்கொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் தப்பாகப் புரியும். இரண்டையும் கூட்டுவது ஆய்வுக்காக மட்டுமே.

ஆந்த்ரே பாபிஷின் அனோ இயக்கத்தை இடதுசாரிப் பத்தியில் போடாதீர்கள். ஓய்வூதியத்தை உயர்த்தியது, கட்டணச் சலுகை தந்தது எல்லாம் உண்மை. ஆனால் அது ஒரு பெரும் தொழிலதிபர் தொடங்கிய இயக்கம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் முதலில் தாராளவாதக் குழுவில் இருந்தது. 2024-ல் வலதுசாரித் தேசியவாதக் குழுவுக்கு மாறியது. இடதுசாரிகளின் வாக்கு எங்கே போனது என்ற கேள்விக்கு அனோ ஒரு விடையாகலாம். அதைக் கேள்விக்குள்ளேயே சேர்த்துவிட்டால் சரிவே கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு பிரிவினையும் தேவை. இடதுசாரிக் கட்சிக்கு விழும் வாக்கு, "நான் இடதுசாரி" என்று மக்கள் சொல்லிக்கொள்வது, இடதுசாரிக் கொள்கையை விரும்புவது ஆகிய மூன்றும் வெவ்வேறு. முதலாவதைத் தேர்தல் முடிவு காட்டும். மற்ற இரண்டுக்கும் கருத்துக்கணிப்பு வேண்டும். முதலாவது சரிந்ததைக் காட்டி மூன்றாவதும் சரிந்ததாக எழுதுவதுதான் இந்தப் பொருளில் நடக்கும் ஆகப் பெரிய பிழை.

அடிப்படை அட்டவணை

விரிதாளில் ஆறு பத்திகள் போடுங்கள்: ஆண்டு, சமூக ஜனநாயகக் கட்சியின் சதவீதம், கம்யூனிஸ்ட்டுகளின் சதவீதம், இரண்டின் கூட்டல், வாக்குப்பதிவு சதவீதம், பதிவு செய்த மொத்த வாக்காளர்களில் இடதுசாரிகளின் பங்கு. கடைசிப் பத்திக்கான கணக்கு எளிது: கூட்டலை வாக்குப்பதிவால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். செல்லாத வாக்குகள் மிகக் குறைவு என்பதால் இந்தத் தோராயம் போதுமானது.

1996: 26.44 + 10.33 = 36.77, பதிவு 76.41, பங்கு 28.1
1998: 32.31 + 11.03 = 43.34, பதிவு 74.03, பங்கு 32.1
2002: 30.20 + 18.51 = 48.71, பதிவு 58.00, பங்கு 28.3
2006: 32.32 + 12.81 = 45.13, பதிவு 64.47, பங்கு 29.1
2010: 22.08 + 11.27 = 33.35, பதிவு 62.60, பங்கு 20.9
2013: 20.45 + 14.91 = 35.36, பதிவு 59.48, பங்கு 21.0
2017: 7.27 + 7.76 = 15.03, பதிவு 60.84, பங்கு 9.1
2021: 4.65 + 3.60 = 8.25, பதிவு 65.43, பங்கு 5.4
2025: ஒரே பட்டியல், 4.30, பதிவு 68.95, பங்கு 3.0

நான்காம் பத்தியை மட்டும் பார்த்தால் உச்சம் 2002. கடைசிப் பத்தியைப் பார்த்தால் உச்சம் 1998. இந்த வேறுபாடு மிக முக்கியம். 1998-ல் சமூக ஜனநாயகக் கட்சி 19.3 லட்சம் வாக்குகள் வாங்கியது, 2002-ல் 14.4 லட்சம். ஏறக்குறைய 4.9 லட்சம் பேர் விலகிவிட்டார்கள். ஆனால் வாக்குப்பதிவு 16 புள்ளி குறைந்ததால் கட்சியின் சதவீதம் இரண்டே புள்ளிதான் இறங்கியது. கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. விலகியவர்களைப் பற்றி யோசிக்க வேண்டிய நெருக்கடி வரவில்லை. 2006-ல் சதவீதம் 32.32, அதாவது 1998-ல் இருந்த அதே அளவு. வாக்குகளோ 17.3 லட்சம், இரண்டு லட்சம் குறைவு. சதவீதத்தை மட்டும் பார்த்து "2006 வரை எந்தத் தேய்மானமும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

அதே கணக்கைக் கம்யூனிஸ்ட்டுகளுக்குத் தனியாகப் போட்டால் 2002-ல் அவர்களுடைய வளர்ச்சி உண்மையானது என்பது தெரியும். மொத்த வாக்காளர்களில் 8.2 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதத்துக்கு ஏறினார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சி மேல் அதிருப்தி கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்போது அதுதான் புகலிடம்.

1989-க்கு முந்தைய ஒப்பீடு தேவைப்பட்டால் 1946 தேர்தலை எடுங்கள். பொஹேமிய, மொராவியப் பகுதிகளில் கம்யூனிஸ்ட்டுகள் அப்போது 40 சதவீதம் வாங்கினார்கள். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு நடந்த தேர்தல்களில் போட்டியே இல்லை. அந்த எண்களை அட்டவணையில் சேர்க்கவே கூடாது.

இரண்டு முறிவுகள்

கடைசிப் பத்தியை ஒரு கோட்டு வரைபடமாகப் போட்டால் சரிவு சீரான சறுக்கலாக இருக்காது. இரண்டு இடத்தில் படியாக இறங்கும். 2006-க்கும் 2010-க்கும் நடுவே 29-லிருந்து 21-க்கு. 2013-க்கும் 2017-க்கும் நடுவே 21-லிருந்து 9-க்கு. ஒவ்வொரு முறிவுக்கும் தனித்தனியாகக் காரணம் தேடுங்கள். "வயதாகிவிட்டது", "காலம் மாறிவிட்டது" போன்ற மெதுவாக வேலை செய்யும் காரணங்கள் இப்படித் திடீர்ப் படிகளை உண்டாக்குவதில்லை.

முதல் முறிவைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அது முழுக்கச் சமூக ஜனநாயகக் கட்சியுடையது. 17.3 லட்சம் வாக்கு 11.6 லட்சமாகக் குறைந்தது; கம்யூனிஸ்ட்டுகள் இழந்தது ஒரு லட்சத்துக்கும் கீழே. அதற்கு இரண்டாண்டு முன்புதான் கட்சி வரலாறு காணாத வெற்றி பெற்றிருந்தது. 2008 ஜனவரியில் வலதுசாரி அரசு, மருத்துவரைப் பார்க்க 30 கொருனா (செக் நாணயம்), மருத்துவமனையில் ஒரு நாளுக்கு 60 கொருனா என்று கட்டணம் கொண்டுவந்தது. அதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த சமூக ஜனநாயகக் கட்சி, அந்த ஆண்டு அக்டோபரில் தேர்தல் நடந்த 13 மாகாணங்களிலும் முதலிடம் பிடித்தது. 2010 வந்தபோது பேச்சு கிரேக்கக் கடன் நெருக்கடிக்கு மாறியிருந்தது. டாப் 09, பொதுநலன் கட்சி என்ற இரண்டு புதிய கட்சிகள் சேர்ந்து 27 சதவீதத்துக்கும் மேல் எடுத்தன. கட்சியின் முன்னாள் பிரதமர் மிலோஷ் ஸெமன் தனிக் கட்சி கண்டு 4.33 சதவீதத்தைப் பிரித்துக்கொண்டார். ஸெமனின் வாக்கை இடதுசாரிக் கூட்டலில் சேர்க்க விரும்பினால் தனிப் பத்தியில் போடுங்கள். அப்போதும் முறிவு மறையாது, ஆழம்தான் குறையும்.

இரண்டாவது முறிவில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கட்சி உடைந்தது அங்கேதான்.

சூழலைப் பாருங்கள். 2014-லிருந்து 2017 வரை பிரதமர் சமூக ஜனநாயகக் கட்சியின் பொகுஸ்லாவ் சொபோத்கா. பொருளாதாரம் வளர்ந்தது, கூலி ஏறியது, வேலையின்மை ஐரோப்பிய ஒன்றியத்திலேயே ஆகக் குறைந்த அளவுக்கு வந்தது. ஆளுங்கட்சிக்கு இதைவிட நல்ல காலம் அமையாது. ஆனால் நிதி அமைச்சர் நாற்காலி கூட்டணிக் கட்சியான அனோவிடம் இருந்தது. அரசு கொடுத்த ஒவ்வொரு நன்மைக்கும் மக்கள் கண்ட முகம் பாபிஷுடையது. பிரதமர் பதவி தன்னிடம் இருப்பதால் பெயரும் தனக்கே வரும் என்று கட்சி நம்பியது. அந்த நம்பிக்கை பொய்த்தது.

உட்கட்சிச் சண்டை வேறு. 2013-ல் தேர்தலில் முதலிடம் வந்த மறுநாளே, சொபோத்காவை இறக்குவதற்கு அவர் கட்சிக்காரர்களே முயன்றார்கள். அதிபராகியிருந்த ஸெமனை இரகசியமாகச் சந்தித்தார்கள். 2017 மே மாதத்தில் பாபிஷோடு ஏற்பட்ட மோதலில் சொபோத்கா ராஜினாமா செய்வதாக அறிவித்தார், பின்வாங்கினார். அடுத்த மாதம் கட்சித் தலைமையை விட்டார். தேர்தலுக்குப் போனபோது பிரதமர் ஒருவர், கட்சிப் பொறுப்புத் தலைவர் இன்னொருவர், பிரச்சார முகம் மூன்றாமவர்.

இப்போது கணக்கு. 2013-க்கும் 2017-க்கும் நடுவே இடதுசாரிகளின் இழப்பு 20.3 புள்ளி. யார் ஏறினார்கள் என்று பாருங்கள். அனோ 18.65-லிருந்து 29.64-க்கு ஏறியது, 11 புள்ளி. இணையச் சுதந்திரமும் வெளிப்படையான நிர்வாகமும் பேசும் கடற்கொள்ளையர் கட்சி 2.66-லிருந்து 10.79-க்கு, 8.1 புள்ளி. குடியேற்றத்தை எதிர்க்கும் டோமியோ ஒகாமுராவின் கட்சி 2017-ல் 10.64 எடுத்தது. ஆனால் அதே ஒகாமுரா 2013-ல் வேறொரு கட்சியின் பெயரில் நின்று 6.88 எடுத்திருந்தார். அவர் தரப்பின் உண்மையான ஏற்றம் 3.8 புள்ளிதான்.

2015-ன் அகதிகள் நெருக்கடிதான் இடதுசாரிகளை அழித்தது என்று எழுதுகிறவர்கள் இந்த 3.8-ஐ எதிர்கொள்ள வேண்டும். அகதிகள் பயம் பேசாத கட்சியே அப்போது அபூர்வம். அது எல்லோருடைய வாக்கையும் கலைத்திருக்கும். ஆனால் அந்தப் பயத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட கட்சி அடைந்த ஏற்றம் இடதுசாரிகளின் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 11, 8.1, 3.8 ஆகியவற்றைக் கூட்டினால் 22.9 வரும், இழப்போடு ஓரளவு ஒத்துப்போகும். ஆகவே இடதுசாரிகளின் வாக்கு இந்த விகிதத்தில் பிரிந்து போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இவை நிகர ஏற்ற இறக்கங்கள். அதே தேர்தலில் டாப் 09 ஏழு புள்ளி அளவுக்கு இழந்தது, வலதுசாரியான சிவிக் ஜனநாயகக் கட்சி 3.6 புள்ளி ஏறியது. 2013-ல் அனோவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊழலால் வெறுத்துப்போன வலதுசாரி வாக்காளர்கள்; 2017-ல் அவர்களில் பலர் வெளியேற, இடதுசாரிகளிடமிருந்து புதியவர்கள் வந்தார்கள். ஒரே கட்சியின் இரண்டு எண்களுக்கும் பின்னால் இருப்பது வேறு வேறு மனிதர்கள். யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்விக்குத் தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்போ, வாக்குச்சாவடி அளவிலான புள்ளியியல் ஆய்வோ இல்லாமல் விடை எழுதக் கூடாது. கருத்துக்கணிப்பிலும் ஒரு கோளாறு உண்டு: தோற்ற கட்சிக்குப் போன முறை வாக்களித்ததை மக்கள் மறந்துவிடுவார்கள், அல்லது மறைப்பார்கள். தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் எடுத்ததை மட்டும் நம்புங்கள்.

2018-லிருந்து 2021 வரை நடந்தது இதன் தொடர்ச்சிதான். சமூக ஜனநாயகக் கட்சி அனோவின் இளைய கூட்டாளியாகச் சேர்ந்தது. கம்யூனிஸ்ட்டுகள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். 1989-க்குப் பிறகு ஓர் அரசு அவர்கள் ஆதரவில் நின்றது அதுவே முதல்முறை. 2018 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் ரயில், பேருந்துக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை வந்தது. ஓய்வூதியமும் உயர்ந்தது. இடதுசாரிகள் பல ஆண்டுகளாகக் கேட்டவை பலவும் நடந்தன. அவற்றுக்கான நன்றி அனோவுக்குப் போனது. 2021 ஏப்ரலில் கம்யூனிஸ்ட்டுகள் ஆதரவை விலக்கியபோது அவர்களைத் தனியாக அடையாளம் காண வாக்காளருக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

வயது காரணமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கம்யூனிஸ்ட் கட்சியில் 1990-களின் தொடக்கத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது 30,000-க்கும் கீழே போனது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியர்கள். ஆகவே "வாக்காளர்கள் இறந்துபோனார்கள்" என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றும். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

வாக்காளர்களில் ஆண்டுக்கு 4 சதவீதம் பேர் இறக்கிறார்கள், புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் கடுமையான கணிப்பு இது. நான்கு ஆண்டுக்கு 0.96-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.85. 2013-ல் கம்யூனிஸ்ட்டுகள் வாங்கியது 7.41 லட்சம், அதை 0.85-ஆல் பெருக்கினால் 2017-ல் 6.3 லட்சம் இருந்திருக்க வேண்டும். கிடைத்தது 3.93 லட்சம். அதையே மறுபடி 0.85-ஆல் பெருக்கினால் 2021-க்கு 3.34 லட்சம், கிடைத்தது 1.94 லட்சம். இரண்டு முறையும் பெரும்பகுதி இழப்புக்கு இறப்பு காரணமில்லை. உயிரோடு இருந்தவர்கள் வேறு கட்சிக்குப் போனார்கள், அல்லது வீட்டில் இருந்துவிட்டார்கள். எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். விலகிப் போனவர்களை இறந்தவர்கள் கணக்கில் எழுதுவது அவர்களுக்கும் நியாயம் செய்யாது, கட்சிக்கும் பாடம் தராது.

தகுதி வரம்பும் இடங்களும்

நம் ஊரில் தொகுதியில் முதலில் வருபவர் வெல்வார். செக் கீழவைக்கு 14 மாகாணங்களிலும் கட்சிப் பட்டியலுக்கு வாக்கு. விகிதாசார முறையில் இடம். நாடு முழுவதும் 5 சதவீதம் எடுக்காத கட்சிக்கு எதுவும் கிடையாது. இரண்டு கட்சிக் கூட்டணிக்கு 8, மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் 11. கூட்டணிகளுக்கான இந்த அளவுகள் 2021-ல் வந்தவை. அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் பழைய 10, 15, 20 சதவீத வரம்புகளையும் இடப்பகிர்வு முறையையும் ரத்து செய்தது. ஆகவே 2021-க்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களின் எண்ணிக்கையை நேராக ஒப்பிடாதீர்கள். பழைய முறைக்குள்ளேயே கூட ஒப்பீடு கடினம்: 2017-ல் 7.27 சதவீதத்துக்கு 15 இடம் கிடைத்தது, 5.18 சதவீதம் எடுத்த இன்னொரு கட்சிக்கு 6 இடம்தான் கிடைத்தது.

2021-ல் சமூக ஜனநாயகக் கட்சி 5 சதவீத வரம்பைத் தொடுவதற்கு இன்னும் சுமார் 18,000 வாக்குகள் தேவைப்பட்டன. "பூஜ்யம் இடம்" என்ற தலைப்புச் செய்தியைக் காட்டிலும் இந்த எண் நிலைமையைச் சரியாகச் சொல்கிறது. அந்தத் தேர்தலில் அவையில் இடம் பெற்ற நான்கு அணிகளின் வாக்கைக் கூட்டினால் 80.09 வரும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வாக்கு யாரையும் அவைக்கு அனுப்பாமல் போனது, அதில் 8.25 இடதுசாரிகளுடையது.

8.25 என்றால் இரண்டு கட்சிக் கூட்டணியின் 8 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். இந்தக் கூட்டல் அரசியலில் செல்லாது. கம்யூனிஸ்ட் என்றால் ஒதுங்கும் சமூக ஜனநாயக வாக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் துரோகிகளாகப் பார்க்கும் கம்யூனிஸ்ட் வாக்காளர்களும் இருக்கிறார்கள். 2025-ல் இது சோதனைக்கே வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் கத்தெரீனா கொனெச்னா முன்னின்று நடத்திய ஸ்டாச்சிலோ இயக்கத்தின் பட்டியலில், யானா மலாச்சோவா தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சியினரும் நின்றார்கள். கூட்டணியாகப் பதியாமல் தனி இயக்கமாகப் பதிந்ததால் 5 சதவீத வரம்பே பொருந்தியது. வாக்குப்பதிவு ஏறிய தேர்தலில் 8.25 என்பது 4.30 ஆனது. அனோ 34.51-க்கு உயர்ந்தது. வாக்கு வீணாகிவிடும் என்ற பயமும் இதில் ஒரு பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. வரம்பை ஒட்டி ஊசலாடும் எந்தக் கட்சிக்கும் கடைசி வாரத்தில் இது நடக்கும்.

வரைபடம்

கம்யூனிஸ்ட்டுகளுக்கு வடமேற்கில் ஊஸ்தி, கார்லோவி வாரி மாகாணங்கள் கோட்டை. 2012 மாகாணத் தேர்தலில் இரண்டிலும் முதலிடம் பிடித்தார்கள், ஊஸ்தியில் மாகாணத் தலைவர் பதவியும் கிடைத்தது. நிலக்கரியும் எஃகும் சார்ந்த ஓஸ்ட்ராவா, கர்வினா பகுதியில் சமூக ஜனநாயகக் கட்சி பலமாக இருந்தது. 2017-ல் பிராக் தவிர்த்த 13 மாகாணங்களிலும் அனோ முதலிடம். 2008-ல் சமூக ஜனநாயகக் கட்சி வென்ற அதே 13 மாகாணங்கள் இவை.

வரைபடம் போடும்போது மாவட்ட அளவில் போடுங்கள். வாக்குச்சாவடிப் பகுதிகளின் எல்லையும் எண்ணும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2002-ன் பகுதி 5-ம் 2021-ன் பகுதி 5-ம் ஒரே தெருக்களாக இருக்கும் என்று உறுதியில்லை. நீண்டகால ஒப்பீட்டுக்கு மாவட்டம், ஒரு தேர்தலின் உள்விவரத்துக்கு உள்ளாட்சி என்று வைத்துக்கொண்டால் பிழை குறையும்.

கூடவே கடன் வசூல் நடவடிக்கைக்கு ஆளானவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கோடிக்குச் சற்றே அதிகமான மக்கள்தொகை கொண்ட நாட்டில் 2017-ல் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்பளப் பிடித்தத்திலோ சொத்துப் பறிமுதல் மிரட்டலிலோ இருந்தார்கள். ஊஸ்தியிலும் கார்லோவி வாரியிலும் இந்த விகிதம் மிக அதிகம். ஓர் இடதுசாரிக் கட்சி நின்று பேச வேண்டிய மக்கள் இவர்கள். ஆனால் வரைபடத்தில் இரண்டும் ஒத்துப்போவதை வைத்து "கடனாளிகள் இன்ன கட்சிக்கு வாக்களித்தார்கள்" என்று எழுத முடியாது. கடன்சுமை அதிகமுள்ள மாவட்டங்களில் வாக்குப்பதிவு குறைவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாக்குச்சாவடிக்கே போகாதவர்கள்தான் அந்தக் கடனாளிகள் என்றால், வாக்கை மாற்றியவர்கள் அவர்களுடைய அண்டை வீட்டார்.

ஒப்பிடக் கூடாத தேர்தல்கள்

2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்டாச்சிலோ 9.56 சதவீதமும் இரண்டு இடங்களும் பெற்றது. இடதுசாரிகள் எழுந்துவிட்டார்கள் என்று படிக்கத் தோன்றும். வாக்குப்பதிவு 36.45. பெருக்கிப் பாருங்கள்: மொத்த வாக்காளர்களில் 3.5 சதவீதம். ஓராண்டு கழித்து 4.30 சதவீதம் எடுத்தபோது பங்கு 3.0. வாக்கு எண்ணிக்கையில் 2.84 லட்சத்துக்கும் 2.4 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒன்று எழுச்சியாகவும் மற்றொன்று வீழ்ச்சியாகவும் தெரிவது, பதிவான மொத்த வாக்கு மாறியதால். கட்டுப்பாடான, தவறாமல் வாக்களிக்கும் முதிய வாக்காளர்களைக் கொண்ட கட்சிக்குக் குறைந்த வாக்குப்பதிவு எப்போதும் சாதகம்.

2025-ல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம், கம்யூனிச இயக்கத்தைப் பரப்புவதை நாஜி இயக்கத்துக்கு இணையாக வைத்து ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கிறது. 2026 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டம்தான் கட்சியைச் சாய்த்தது என்று எழுதாதீர்கள். வரிசை தலைகீழ்: கட்சி அவையிலிருந்து போய் நான்காண்டு கழித்து வந்த சட்டம் அது.

வேறு நாட்டில் பொருத்திப் பார்க்க

இந்த முறை போலந்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆளுங்கட்சியின் வாரிசான ஜனநாயக இடது கூட்டமைப்பு 2001-ல் தன் கூட்டாளியோடு 41.04 சதவீதம் எடுத்து ஆட்சிக்கு வந்தது. 2005-லேயே அந்தக் கட்சி 11.3-க்கு விழுந்தது, ஊழல் வழக்குகளும் ஆட்சியில் எடுத்த சிக்கன நடவடிக்கைகளும் முதன்மைக் காரணம். 2015-ல் அந்தக் கட்சி இடம்பெற்ற ஐக்கிய இடது கூட்டணி 7.55 எடுத்தது. தனிக் கட்சியாகப் பதிந்திருந்தால் 5 சதவீத வரம்பு; கூட்டணியாகப் பதிந்ததால் 8. தனியாக நின்ற இன்னொரு இடதுசாரிக் கட்சியான ராஸெமுக்கு 3.62. இரண்டும் சேர்ந்து 11 சதவீதத்துக்கும் மேல் இருந்தும் கீழவையில் ஓர் இடதுசாரிகூட இல்லை. வீணான அந்த வாக்குகளின் துணையால்தான் வலதுசாரியான 'சட்டமும் நீதியும்' கட்சி 37.58 சதவீதத்திலேயே 460-ல் 235 இடம் பிடித்தது. 2019-ல் பாடம் கற்று ஒரே கட்சியின் பெயரில் பட்டியல் பதிந்தார்கள், 12.56 சதவீதம், 49 இடம். 2023-ல் 8.61, 26 இடம்.

செக்கில் சரிவு மெதுவாகத் தொடங்கிப் பிறகு உடைந்தது; போலந்தில் ஒரே ஆட்சிக்காலத்தில் உடைந்தது. இரண்டிலும் ஓய்வூதியமும் குழந்தை உதவித்தொகையும் கேட்ட வாக்காளர்கள் மறைந்துவிடவில்லை. அவற்றைத் தரும் வேறு கட்சி கிடைத்ததும் அங்கே போனார்கள்.

கடைசியாக ஒரு செயல்முறைக் குறிப்பு. செக் உள்ளாட்சித் தேர்தல்களிலும் இடதுசாரிகளின் நிலையை அளக்க விரும்புகிறவர்கள் அங்கே வரும் நாடு தழுவிய சதவீதத்தைத் தொட வேண்டாம். உள்ளாட்சியில் ஒரு வாக்காளருக்கு அவ்வூர் மன்றத்தில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு. பெருநகரத்தில் ஒருவருக்கு ஐம்பது வாக்குக்கு மேல் இருக்கலாம், சிற்றூரில் ஐந்தோ ஏழோ. எல்லாவற்றையும் கூட்டினால் பெருநகரக் கட்சிகள் ஊதித் தெரியும். அதற்குப் பதிலாக இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: கட்சி தன் பெயரில் வேட்பாளர் நிறுத்திய ஊர்கள் எத்தனை, வென்ற மன்ற உறுப்பினர்கள் எத்தனை. முதல் எண் குறைந்துகொண்டே வந்தால் கட்சிக்கு வேட்பாளராக நிற்கவே ஊரில் ஆள் இல்லை என்று பொருள்.